ஸ்கோக்கியில் நடக்காத ஊர்வலம்

அமெரிக்கப் பேச்சுரிமைச் சட்டத்தைப் பற்றி எழுதுகிற எவரும் ஸ்கோக்கியைத் தவிர்த்துவிட்டு எழுதுவது கடினம். சிகாகோ நகரின் வடக்கு எல்லையை ஒட்டிய சிறிய ஊர் அது. 1977 மார்ச்சில் நாஜிக் கும்பல் ஒன்று, சீருடையும் ஸ்வஸ்திகாவுமாக அந்த ஊர் மன்றக் கட்டடத்தின் முன் அரைமணி நேரம் நிற்கப்போவதாக அறிவித்தது. வருவதாகச் சொன்னவர்கள் ஐம்பது பேருக்குள்தான். ஊர் அதைத் தடுக்க முனைந்தது. வழக்கு குக் மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 14 மாதங்களுக்குப் பிறகு சட்டம் நாஜிகளின் பக்கம் நின்றது. ஆனால் ஊர்வலம் நடக்கவே இல்லை.

இதைப் பேச்சுரிமையின் வெற்றி என்று ஒரு தரப்பும், பாதிக்கப்பட்டவர்களைச் சட்டம் கைவிட்ட கதை என்று இன்னொரு தரப்பும் சொல்லி வருகின்றன. ஸ்கோக்கி மக்கள் முன் இருந்தவை உண்மையில் இரண்டு கேள்விகள். வெறுப்பைப் பரப்புபவர்களின் ஊர்வலத்தை அரசு தடுக்கலாமா என்பது ஒன்று. ஊர் அதைக் கண்டும் காணாமல் இருந்துவிட வேண்டுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நீதிமன்றங்கள் விடை சொல்லின. இரண்டாவதற்கு விடை சொன்னவர்கள், ஐரோப்பாவின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பி அந்த ஊரில் குடியேறியவர்கள். இரண்டு விடைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஏன் ஸ்கோக்கி?

அமெரிக்க தேசிய சோஷலிசக் கட்சி என்று தன்னை அழைத்துக்கொண்ட அந்தக் கும்பலின் தலைவர் ஃபிராங்க் காலின். அவருடைய தந்தை டாக்காவ் முகாமிலிருந்து தப்பி வந்த யூதர் என்று சிகாகோ பத்திரிகைகள் எழுதின, காலின் மறுத்தார். கட்சியின் தளம் சிகாகோவின் தென்மேற்கே உள்ள மார்க்வெட் பூங்காப் பகுதி. உழைக்கும் வர்க்க வெள்ளையர்கள் வாழ்ந்த இடம் அது. அடுத்த தெருக்களில் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறத் தொடங்கியிருந்தன. வீட்டு விலை சரியும், அக்கம்பக்கம் மாறிவிடும் என்ற அச்சம் வெள்ளையர்களிடம் கனன்றுகொண்டிருந்தது. 1966 ஆகஸ்டில் வீட்டுவசதியில் சமத்துவம் கோரி அந்தப் பகுதியில் ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங்கின் தலையைக் கல் ஒன்று பதம் பார்த்தது. அந்த அச்சத்தைத்தான் காலின் அரசியலாக்கினார்.

1970களின் நடுவில் அங்கு மோதல்கள் பெருகவே, பூங்காவில் கூட்டம் நடத்த விரும்புவோர் 2,50,000 டாலருக்குக் காப்பீடு எடுத்துக் காட்ட வேண்டும் என்று சிகாகோ பூங்கா நிர்வாகம் நிபந்தனை போட்டது. இப்படிப்பட்ட கூட்டத்துக்குக் காப்பீடு விற்க எந்த நிறுவனம் முன்வரும்? நிபந்தனை என்ற பெயரில் வந்த தடை அது. இதே காலத்தில், கிங்கின் பெயரில் இயங்கிய கறுப்பின அமைப்பு ஒன்று அதே பகுதி வழியே ஊர்வலம் போக அனுமதி கேட்டு, மாநகர நிர்வாகத்துடன் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. தொல்லை தருபவர்களை ஒதுக்கி வைப்பதற்காக அதிகாரிகள் உருவாக்கும் கருவி, யார் எதற்காகத் தொல்லை தருகிறார்கள் என்று பார்ப்பதில்லை. பின்னால் நடந்த வழக்கு முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே சுழன்றது.

மார்க்வெட் பூங்காவின் கதவு மூடியதும், காலின் சிகாகோவின் புறநகர் ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். ஸ்கோக்கியின் பூங்கா நிர்வாகம் 3,50,000 டாலர் காப்பீடு வேண்டும் என்று பதில் எழுதியது. காலினுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. அந்த நிபந்தனையை எதிர்த்து மே 1 அன்று ஊர் மன்றத்தின் முன் ஆர்ப்பாட்டம் என்று அறிவித்தார். பேச்சு கிடையாது, துண்டறிக்கை கிடையாது. வெள்ளையரின் பேச்சுரிமையைக் கோரும் பதாகைகள் மட்டும் இருக்கும் என்றார்.

அன்றைய ஸ்கோக்கியின் மக்கள்தொகை சுமார் 70,000. அவர்களில் சுமார் 40,500 பேர் யூதர்கள். நாஜி முகாம்களிலிருந்து தப்பியவர்கள் 5,000 முதல் 7,000 பேர் வரை இருந்ததாக நீதிமன்றப் பதிவு சொல்கிறது. தங்கள் பெற்றோரையும் குழந்தைகளையும் கொன்றவர்களின் சீருடை தங்கள் தெருவுக்கே வரப்போகிறது என்ற செய்தி அவர்கள் காதுக்கு எட்டியது.

கண்டுகொள்ளாதீர்கள் என்ற அறிவுரை

ஊர்த் தலைவர் ஆல்பர்ட் ஸ்மித்தும் மன்றமும் முதலில் எடுத்த முடிவு, வந்துவிட்டுப் போகட்டும், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பதுதான். யூத அமைப்புகளின் தலைவர்களும் அதையே சொன்னார்கள். அந்த அறிவுரைக்கு முப்பதாண்டு வரலாறு இருந்தது. 1940களில் அமெரிக்க யூதக் குழுவைச் சேர்ந்த ரப்பி சாலமன் ஃபைன்பெர்க், யூத வெறுப்பைப் பேசிப் பிழைத்தவர்களைச் சமாளிக்க ஒரு வழி வகுத்திருந்தார். எதிர்ப்பு ஊர்வலம் நடத்தாதே, மோதாதே, பத்திரிகைகள் அவர்கள் பக்கமே போகாதபடி பார்த்துக்கொள் என்பது அதன் சாரம். கூட்டமும் கூச்சலும் இல்லாவிட்டால் அவர்கள் தாமாகவே வாடிவிடுவார்கள் என்ற கணக்கு அது. ஜெரால்டு எல்.கே. ஸ்மித், ஜார்ஜ் லிங்கன் ராக்வெல் போன்ற யூத வெறுப்பாளர்களிடம் அந்தக் கணக்கு ஓரளவு பலித்தும் இருந்தது.

ஸ்கோக்கியில் அது பலிக்கவில்லை. முகாம்களிலிருந்து தப்பியவர்கள் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். நான்கு முட்டாள்கள் கத்துகிறார்கள், விட்டுவிடுங்கள் என்று ஐரோப்பாவிலும் தங்களிடம் இப்படித்தான் சொன்னார்கள் என்பது அவர்கள் வாதம். அதுவரை அவர்களில் பலர் தங்கள் கதையை வெளியில் சொன்னவர்கள் அல்லர். சொந்தப் பிள்ளைகளிடம்கூட முழுதாகச் சொல்லாதவர்கள் உண்டு. அமெரிக்க யூதச் சமூகத்தின் பழைய தலைமைக்கும் புதிதாக வந்து குடியேறிய இவர்களுக்கும் இடையில் இருந்த இடைவெளி இந்தச் சச்சரவில் வெட்டவெளிச்சமானது. இவர்கள் வெகுண்டெழவும் ஊர் மன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது.

ஏப்ரல் 28 அன்று ஸ்கோக்கி நீதிமன்றப் படியேறியது. எதிர் ஆர்ப்பாட்டத்துக்கு 12,000 முதல் 15,000 பேர் வரை திரளக்கூடும் என்று சாட்சியம் சொல்லப்பட்டது. கட்டுக்கடங்காத வன்முறை வெடிக்கும் என்று ஊர்த் தலைவர் சொன்னார். ஸ்வஸ்திகாவைக் கண்டால் தங்களையே கட்டுப்படுத்திக்கொள்ள முடியுமா என்பது தெரியாது என்பதே முகாம்களிலிருந்து தப்பியவர்களின் நிலை. ஏப்ரல் 29 அன்று நீதிபதி ஜோசப் வோசிக், மே 1 ஆர்ப்பாட்டத்துக்குத் தடை விதித்தார். காலின் ஒருநாள் முந்திக்கொண்டு 30ஆம் தேதியே வரப் பார்த்தபோது, தடை எல்லா நாட்களுக்கும் விரிந்தது.

மூன்று சட்டங்கள்

தடையாணை மட்டும் போதாது என்று நினைத்த ஊர் மன்றம் மே 2 அன்று மூன்று சட்டங்களை இயற்றியது. முதலாவது, ஊர்வலத்துக்கு 30 நாள் முன்னதாக அனுமதி கேட்க வேண்டும்; பொதுப் பொறுப்புக்கு 3,00,000 டாலரும் சொத்துச் சேதத்துக்கு 50,000 டாலரும் காப்பீடு காட்ட வேண்டும். இரண்டாவது, இனம், மதம் ஆகியவற்றின் பெயரால் வெறுப்பைத் தூண்டும் எதையும் பரப்பக் கூடாது. உடையும் சின்னமும் இதில் அடக்கம். மூன்றாவது, அரசியல் கட்சியினர் இராணுவப் பாணிச் சீருடையில் ஊர்வலம் போகக் கூடாது.

மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு குறிப்பிட்ட கும்பலுக்கு அளவெடுத்துத் தைத்தவை என்பது விளங்கும். காப்பீட்டுச் சட்டத்தில் இன்னொரு நுட்பமும் இருந்தது. ஊர் மன்றம் ஒருமனதாக விரும்பினால் யாருக்கு வேண்டுமானாலும் விலக்கு அளிக்கலாம். பிடித்தவர்களுக்குக் கதவு திறக்கும், பிடிக்காதவர்களுக்குப் பூட்டு விழும். நாஜிகளைப் பற்றிய கருத்து என்னவாக இருந்தாலும், இப்படியொரு அதிகாரத்தை எந்த அரசிடமும் கொடுப்பது ஆபத்து.

எதிரிக்காக வாதாடியவர்கள்

காலினுக்காக வாதாட முன்வந்தது ஏ.சி.எல்.யூ. என்று அறியப்படும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம். 1920இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பில் யூத உறுப்பினர்கள் கணிசமாக இருந்தார்கள். வழக்கை நடத்திய டேவிட் கோல்ட்பெர்கர் யூதர். ஒன்றியத்தின் தேசியச் செயல் இயக்குநர் ஆர்யே நேயர் 1937இல் பெர்லினில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்துக்கு ஓடிய குடும்பத்தின் பிள்ளை. உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள்; நன்கொடை வற்றியது; இல்லினாய்க் கிளை ஊழியர்களைக் குறைக்க வேண்டி வந்தது.

அவர்களுடைய வாதத்தின் அடிப்படை தென் மாநிலங்களில் கிடைத்த அனுபவம். 1960களில் பர்மிங்ஹாம் போன்ற நகரங்களில் கறுப்பின மக்களின் ஊர்வலங்களை நிறுத்தியவை எவை? அனுமதிச் சீட்டு, முன்கூட்டிய தடையாணை, வன்முறை வெடிக்கும் என்ற காவல்துறையின் சாட்சியம். ஊர்வலம் போகிறவர்களைக் கண்டு ஊர் கொதிக்கிறது, ஆகவே அவர்கள் போகக் கூடாது என்பதே வெள்ளை அதிகாரிகளின் நியாயம். ஸ்கோக்கி கேட்டதும் எழுத்துக்கு எழுத்து அதுதான். எதிர்ப்பவர்களின் கோபத்தைக் காரணம் காட்டிப் பேசுபவரை அடக்கலாம் என்றால், எந்தச் சிறுபான்மையும் எந்தப் பெரும்பான்மை ஊரிலும் வாய் திறக்க முடியாது. எண்ணிக்கையில் சிறியதான யூதச் சமூகத்துக்கு அரசின் கையைக் கட்டி வைக்கும் சட்டமே நிரந்தரப் பாதுகாப்பு என்று நேயர் 1979இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

நீதிமன்றங்கள் சொன்னவை

1977 ஜூன் 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு சிறு தீர்ப்பை அளித்தது. நாஜிகள் வரலாமா கூடாதா என்பதற்குள் அது போகவில்லை. பேச்சை முன்கூட்டியே தடுக்கும் ஆணை இருந்தால், அதன் மீதான மேல்முறையீட்டை உடனே விசாரிக்க வேண்டும், இல்லையேல் ஆணையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றது. தாமதமும் தணிக்கைதான் என்பது இதன் பொருள்.

ஜூலையில் இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊர்வலம் போகலாம், ஸ்வஸ்திகா கூடாது என்று நடுவழி கண்டது. 1978 ஜனவரி 27 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அந்த வழியையும் மூடியது. ஸ்வஸ்திகா எவ்வளவு அருவருப்பானதானாலும் அரசியல் கருத்தைத் தெரிவிக்கும் சின்னமே. நேருக்கு நேர் அடிதடிக்கு இழுக்கும் வசைக்கு அது நிகராகாது. முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருகிறார்கள், விரும்பாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம் என்றது.

மூன்று ஊர்ச் சட்டங்களும் மத்திய நீதிமன்றத்தில் விழுந்தன. 1978 பிப்ரவரி 23 அன்று நீதிபதி பெர்னார்டு டெக்கர் அவற்றைச் செல்லாதவை என்றார். மே 22 அன்று ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஸ்கோக்கி தன் பக்கம் வைத்திருந்த வலுவான ஆயுதம், ஓர் இனத்தையே இழிவுபடுத்தும் பேச்சைத் தண்டிக்கலாம் என்ற 1952ஆம் ஆண்டின் போஹர்னே வழக்குத் தீர்ப்பு. அதுவும் இல்லினாயிலிருந்து போன வழக்குதான். ஆனால் இடையில் சட்டம் வெகுதூரம் நகர்ந்திருந்தது. 1969இல் கூ கிளக்ஸ் கிளான் தலைவர் ஒருவரின் வழக்கில், உடனடி வன்முறையைத் தூண்டுவதும் அது நிகழக்கூடியதாக இருப்பதும் சேர்ந்தால் மட்டுமே பேச்சைத் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அக்டோபரில் ஸ்கோக்கியின் கடைசி மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று பிளாக்மன், ஒயிட் என்ற இரு நீதிபதிகள் மட்டும் மாறுபட்டார்கள்.

விரும்பாதவர்கள் விலகிப் போகலாம் என்ற நீதிமன்றத்தின் வாக்கியம் என்னை உறுத்துகிறது. ஊர் மன்றம் என்பது ஊர் அலுவல்களுக்காக எல்லோரும் போகிற இடம். அங்கே போவதைத் தவிர்த்துக்கொள் என்று ஒரு குடிமகனிடம் சொல்வது சிறிய விஷயமல்ல. சட்டத் தத்துவ அறிஞர் ஜெரமி வால்ட்ரன் 2012இல் எழுதிய நூலில் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார். வெறுப்புப் பேச்சின் சேதம் மனம் புண்படுவதோடு நிற்பதில்லை. நானும் இந்த ஊரின் சமமான மனிதன், அச்சமின்றி நடமாடலாம் என்று ஒவ்வொருவருக்கும் சமூகம் தரும் உறுதிமொழியை அது அரிக்கிறது. இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அந்த உறுதிமொழியைக் காக்கத் தடைச் சட்டம் உதவுமா என்பது தனிக் கேள்வி.

வைமார் காட்டும் பாடம்

ஜெர்மனி முன்கூட்டியே தடுத்திருந்தால் ஹிட்லர் வந்திருக்க மாட்டார் என்பது தடை கோருபவர்கள் வழக்கமாகச் சொல்வது. வரலாறு அவ்வளவு எளிதாக ஒத்துழைக்கவில்லை. ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியான வைமார் குடியரசு தடைகள் இல்லாத நாடாக இருக்கவில்லை. 1925 முதல் 1927 வரை பவேரியாவில் ஹிட்லர் பொதுக்கூட்டத்தில் பேசத் தடை இருந்தது. யூத வெறுப்பு ஏடு நடத்திய யூலியஸ் ஸ்டிரைஷர் பலமுறை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். வழக்குகள் அவர் ஏட்டுக்கு விளம்பரமாயின. 1932 ஏப்ரலில் நாஜிகளின் புயல்படைக்கே தடை வந்தது. ஜூனில் வந்த புதிய ஆட்சி அதை நீக்கியது. மறுபுறம், 1923இல் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற ஹிட்லருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1924 டிசம்பரில் அவர் வெளியே வந்துவிட்டார். பேச்சைத் தடுக்கச் சட்டம் இருந்தது. அடித்தவனையும் கொன்றவனையும் தண்டிக்க நீதிபதிகளிடம் மனம் இல்லை. போருக்குப் பிந்தைய ஜெர்மனி நாஜிச் சின்னங்களைக் காட்டுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அந்த நாட்டின் வரலாற்றுக் கடனாக அது புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அதன் ஜனநாயகம் நிலைத்ததற்கு அந்தச் சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

நம் இந்திய அரசியல் சட்டமும் அமெரிக்கப் பாதையில் போகவில்லை. அதற்குக் காரணமானவற்றில் முக்கியமான ஒரு வழக்கு சென்னை அரசின் மீதானது. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' ஏட்டுக்குச் சென்னை மாநில அரசு விதித்த தடையை 1950இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அடுத்த ஆண்டே வந்த முதலாவது திருத்தம், பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' என்பதையும் சேர்த்தது. அப்படியிருந்தும் 1989இல், 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்படத்தின் வழக்கில், போராட்டம் வெடிக்கும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து ஒரு கருத்தை அடக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதற்குச் சமம் என்று நம் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஸ்கோக்கியில் விழுந்த நியாயம் இங்கும் விழுந்தது.

ஊர் சொன்ன பதில்

மே மாதத் தீர்ப்புக்குப் பின் ஸ்கோக்கி அனுமதி அளித்தாக வேண்டியதாயிற்று. 1978 ஜூன் 25 என்று நாள் குறிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் நாடு முழுவதிலுமிருந்து பல்லாயிரம் பேர் எதிர் ஆர்ப்பாட்டத்துக்குத் தயாராகியிருந்தார்கள். மத்திய நீதி அமைச்சகத்தின் சமூக உறவுப் பிரிவு பின்னணியில் பேச்சுவார்த்தை நடத்தியது. மார்க்வெட் பூங்காவின் காப்பீட்டு நிபந்தனையையும் நீதிமன்றம் விலக்கவே, காலின் ஸ்கோக்கித் திட்டத்தைக் கைவிட்டார். ஜூன் 24 அன்று சிகாகோவின் மத்திய அரசு அலுவலக வளாகத்தில் இருபது சொச்சம் நாஜிகள் நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் எழுப்பிய எதிர் முழக்கத்தில் அவர்கள் பேச்சு கேட்கவில்லை. சில நிமிடங்களில் போலீஸ் பாதுகாப்போடு கலைந்தார்கள். ஜூலை 9 அன்று மார்க்வெட் பூங்காவிலும் ஒரு கூட்டம் நடந்தது. காலின் 1980இல் சிறுவர்களிடம் பாலியல் குற்றம் புரிந்ததற்காகச் சிறை சென்றார்.

ஸ்கோக்கியில் தங்கியது அந்தச் சச்சரவு பேச வைத்தவர்களின் குரல். 1981இல் முகாம்களிலிருந்து தப்பியவர்கள் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். சிறிய கடை ஒன்றில் காட்சியகம் வைத்தார்கள். பள்ளிகளுக்குப் போய்த் தங்கள் கதையைச் சொன்னார்கள். யூதப் படுகொலை வரலாற்றைப் பள்ளிகளில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று 1990இல் சட்டம் இயற்றிய இல்லினாய், அமெரிக்காவில் அதைச் செய்த முதல் மாநிலம். 2009 ஏப்ரலில் ஸ்கோக்கியில் பெரிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வால்ட்ரன் சொல்லும் உறுதிமொழியை அந்த ஊருக்குத் தந்தவை இவை. தடைச் சட்டத்தால் அவற்றில் ஒன்றைக்கூடத் தந்திருக்க முடியாது.

எல்லை எங்கே?

இந்தப் பாடத்துக்கு எல்லை உண்டு என்பதை 2017 காட்டியது. வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் என்ற சிறிய நகரில், வெள்ளையின மேலாதிக்கக் குழுக்கள் பூங்கா ஒன்றில் கூடத் திட்டமிட்டன. நகர நிர்வாகம் கூட்டத்தை வேறு பூங்காவுக்கு மாற்ற முயன்றது. ஏ.சி.எல்.யூ.வின் வர்ஜீனியாக் கிளை வழக்குத் தொடுத்து வென்றது. மறுநாள், ஆகஸ்ட் 12 அன்று, தடியும் கேடயமும் துப்பாக்கியுமாக வந்தவர்கள் தெருவில் மோதினார்கள். எதிர்ப்பாளர்கள் மீது கார் ஏற்றப்பட்டதில் ஒரு பெண் உயிரிழந்தார். ஆயுதத்துடன் வருபவர்களுக்காக இனி வாதாடுவதில்லை என்று ஏ.சி.எல்.யூ. அறிவித்தது. 2021இல் அமைப்பாளர்கள் வன்முறைக்குச் சதி செய்தார்கள் என்று நடுவர் குழு முடிவு செய்து 2.5 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது.

ஸ்கோக்கித் தீர்ப்புகள் காத்தது பதாகையையும் சின்னத்தையும். ஆயுதத்தையும் சதியையும் அல்ல. அச்சுறுத்தும் நோக்கத்துடன் சிலுவையை எரிப்பதைத் தண்டிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2003இல் சொல்லியிருக்கிறது. ஊர்வலத்தில் வருபவர் என்ன நினைக்கிறார் என்பதைப் பார்த்து அரசு தடுக்கக் கூடாது. அவர் கையில் என்ன இருக்கிறது, யாரைத் தாக்கத் திட்டமிட்டிருக்கிறார் என்பதைப் பார்த்துத் தடுக்க வேண்டும். சார்லட்ஸ்வில்லில் பிழை செய்தது பேச்சுரிமைச் சட்டத்தைவிட, இரு தரப்பையும் பிரித்து நிறுத்தத் தவறிய காவல் ஏற்பாடுதான்.

வெறுப்பு ஊர்வலம் எந்த ஊரின் எல்லைக்கும் ஒருநாள் வரலாம். அப்போது தடை வேண்டும் என்று மனு எழுதுவதற்கு முன், அதே தடை நாளை யார் மீது பாயும் என்று யோசியுங்கள். பிறகு, யாராவது வந்து கண்டுகொள்ளாமல் இருங்கள் என்று அறிவுரை சொன்னால், அதைக் கேட்காதீர்கள். சட்டம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. ஊரின் வாயைக் கட்டவில்லை.